குளிராத ஃபிரிட்ஜும் வியர்க்கும் கதவும்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை அரைத்த இட்லி மாவு, ஃபிரிட்ஜில் வைத்தும் செவ்வாய்க்கிழமை பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. உளுந்து கூடிவிட்டது என்கிறார் மாமியார். ஃபிரிட்ஜ்தான் சரியில்லை என்கிறேன் நான். தீர்ப்புச் சொல்லுங்கள்.
(மருமகள், திருநெல்வேலி)

பதில்: வழக்கு உங்கள் பக்கம் ஜெயித்துவிட்டது. ஆனால் வீட்டில் மெதுவாகச் சொல்லுங்கள். உளுந்து கூடியிருந்தால் அரைத்துக் கரைத்து வைத்த அந்த ராத்திரியே மாவு வழிந்து மேடையை நனைத்திருக்கும். உள்ளே போன பிறகும் பொங்குகிறது என்றால் உள்ளே போதுமான குளிர் இல்லை. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் சாவதில்லை, மெதுவாகின்றன, அவ்வளவுதான். குளிர் குறைந்தால் மறுபடி சுறுசுறுப்பாகிவிடும். நம் வீடுகளில் ஃபிரிட்ஜ் கெட்டுப்போவதை முதலில் கண்டுபிடித்துச் சொல்வது மாவுத் தூக்குதான். அடுத்தது தயிர்.

கையை உள்ளே விட்டு 'ஜில்லுன்னுதான் இருக்கு' என்று முடிவு கட்டாதீர்கள். வெளியே 36 டிகிரி வெயில் என்றால் 12 டிகிரிகூடக் கைக்கு ஜில்லென்றுதான் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் அதற்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கவேண்டும். ஃப்ரீஸரில் மைனஸ் 18. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அவ்வளவு கீழே அது காட்டாது. ஃபிரிட்ஜுக்கென்றே சின்ன தெர்மாமீட்டர் விற்கிறது. ஒரு முறை வாங்கினால் பல வருடம் வரும்.

மாமியாருக்கும் ஒரு ஆறுதல் தீர்ப்பு உண்டு. பெரிய தூக்கு நிறைய மாவை அப்படியே உள்ளே வைத்தால், நல்ல ஃபிரிட்ஜிலும் நடு மாவு குளிர்ந்து அடங்கப் பல மணி நேரம் ஆகும். அதுவரை அது புளித்துக்கொண்டேதான் இருக்கும். அதே மாவை இரண்டு சின்ன டப்பாக்களில் பிரித்து, கதவுத் தட்டில் இல்லாமல் உள்தட்டில் வையுங்கள். கதவுத் தட்டுதான் ஃபிரிட்ஜிலேயே சூடான இடம்.

கேள்வி: தெர்மோஸ்டாட் திருகில் 1-லிருந்து 7 வரை எண் இருக்கிறது. கோடையில் நான் 1-ல் வைக்கிறேன், கணவர் 7-க்குத் திருப்புகிறார். யார் சொல்வது சரி?
(ஆசிரியை, வேலூர்)

பதில்: வேலூர் வெயிலுக்குக் கணவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எண் கூடினால் குளிர் கூடும். டிகிரி நேராகக் காட்டும் டிஜிட்டல் பலகை என்றால் கணக்கு தலைகீழ்: அங்கே எண் குறைந்தால்தான் குளிர் கூடும். கோடையில் 4 அல்லது 5, மழைக்காலத்தில் 2 அல்லது 3 போதும். 7-லேயே நிரந்தரமாக வைத்தால் கம்ப்ரஸருக்கு ஓய்வே கிடைக்காது, கரண்ட் பில்லும் ஏறும். திருகிய பிறகு ஒரு முழு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கை வைக்கவேண்டும். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் திருகினால் எந்த எண் சரி என்று கடைசிவரை தெரியாது.

கேள்வி: எங்கள் அறையில் மின்விசிறி மட்டும்தான். ஏப்ரல் மாதத்தில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துபோட்டு முன்னால் பாய் விரித்துப் படித்தால் என்ன?
(கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: முகத்துக்கு முதல் ஐந்து நிமிடம் சுகமாக இருக்கும். அதற்குப் பிறகு அறை முன்னைவிடச் சூடாகும். ஃபிரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுவந்து கொட்டுகிறது. கொட்டும் இடமும் உங்கள் அறைதான். கம்ப்ரஸர் ஓடச் செலவாகும் மின்சாரமும் சூடாகி அதோடு சேர்ந்துகொள்ளும்.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், வீட்டுக்கு வரும் மெக்கானிக்குக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி மிச்சமாகும். சூடு வெளியே போக வழி இல்லாவிட்டால் உள்ளே குளிராது. பழைய ஃபிரிட்ஜுகளில் பின்னால் கறுப்புக் கம்பி வலை தெரியும், அதன் வழியாகத்தான் சூடு வெளியேறும். தூசும் ஒட்டடையும் அதில் போர்வையாகப் படிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தட்டி எடுங்கள். புதிய மாடல்களில் அந்தக் குழாய் பக்கச்சுவர்களின் தகட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் இந்த அலங்காரத் துணி உறையைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஃபிரிட்ஜின் தலையிலிருந்து இரண்டு பக்கமும் தொங்கும் அந்த உறை, பைகளுக்குள் திணித்த பில்கள், மாத்திரை அட்டைகளோடு, சூடு போகவேண்டிய சுவரையே மூடிவிடுகிறது. தயவுசெய்து கழற்றிவிடுங்கள். பின்சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே நான்கு விரல்கடை இடம், பக்கங்களிலும் கொஞ்சம் இடம், அடுப்புக்கு எட்டாத தூரம், மத்தியான வெயில் விழாத மூலை. இவ்வளவும் செய்து இரண்டு நாள் பார்த்த பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

கேள்வி: புது ஃபிரிட்ஜின் பக்கத்தில் கை வைத்தால் சுடுகிறது. வெடித்துவிடுமோ என்று பாட்டி அந்தப் பக்கமே போவதில்லை.
(பேரன், ஈரோடு)

பதில்: பாட்டியைத் தைரியமாக வரச்சொல்லுங்கள். சூடு சரியாக வெளியேறுகிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கதவு மூடும் சட்டத்தைச் சுற்றியும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், அங்கே பனி கோக்காமல் இருக்க வேண்டுமென்றே சூடான குழாயை ஓட்டியிருப்பார்கள். கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்டும் பக்கச்சுவர் மணிக்கணக்கில் சூடே ஆகவில்லை என்றால், அப்போது கவலைப்படலாம்.

கேள்வி: டபுள் டோர் ஃபிரிட்ஜ். மேலே ஃப்ரீஸரில் ஐஸ்கிரீம் கல்லாக இருக்கிறது. கீழே பால் திரிகிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டு ஊரா?
(வங்கி ஊழியர், மதுரை)

பதில்: இரண்டு ஊர்தான், நடுவே ஒரு சின்ன வழி இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த வழி அடைத்திருக்கிறது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் பெரும்பாலும் குளிர்ச் சுருள் ஒன்றே ஒன்று. ஃப்ரீஸரின் பின்பலகைக்குள் மறைந்திருக்கும். அந்தக் குளிரை ஒரு விசிறி ஊதி, கொஞ்சத்தைக் காற்று வழியாகக் கீழே அனுப்புகிறது. கீழ்ப்பகுதிக்கெனத் தனியாகக் குளிர் கிடையாது.

முதலில் காசு செலவில்லாத காரணங்கள். கீழ்ப்பகுதியின் பின்சுவரில் காற்று வரும் துளைகள் இருக்கும். அவற்றை ஒட்டிக் குழம்புச் சட்டியோ தண்ணீர் பாட்டில் வரிசையோ நிற்கிறதா பாருங்கள். மேலே ஃப்ரீஸரையும் பைகளால் கூரை முட்ட அடைத்திருக்கக் கூடாது. பல மாடல்களில் ஃப்ரீஸருக்குள் இன்னொரு திருகு உண்டு. மேலே எவ்வளவு காற்று, கீழே எவ்வளவு காற்று என்று அதுதான் பங்கு பிரிக்கிறது. கல்யாண வீட்டு ஐஸ்கிரீமுக்காக யாரோ அதை முழுசாகத் திருப்பியிருந்தால் கீழே பட்டினிதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பால் திரிகிறது என்றால், பின்பலகைக்குள் பனி கட்டியிருக்கும். சுருளில் பனி படிவது சகஜம். கம்ப்ரஸர் சில மணி நேரம் ஓடியதும் ஒரு ஹீட்டர் தானாக இயங்கி அதை உருக்கிவிடும். ஹீட்டரோ, அதற்குக் கட்டளை கொடுக்கும் டைமரோ, பைமெட்டலோ பழுதானால் பனி கெட்டியாகி விசிறியையும் வழியையும் மூடிக்கொள்ளும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பொருள்களை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து, கீழே பழைய துண்டுகளைப் போட்டு ஒரு முழு நாள் விடுங்கள். மறுபடி போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, சில நாளிலோ ஒரு வாரத்திலோ பழைய கதை திரும்பினால் பழுது பனி உருக்கும் பகுதியில்தான். ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகும் கீழே குளிரவே இல்லை என்றால் விசிறியைச் சந்தேகியுங்கள். கதவைத் திறந்து, விளக்கை அணைக்கும் அந்தச் சின்னப் பொத்தானை விரலால் அழுத்திக் காதைக் கொடுத்தால், கம்ப்ரஸர் ஓடும் நேரத்தில் விசிறிச் சத்தம் கேட்கவேண்டும்.

இந்த விவரத்தோடு மெக்கானிக்கிடம் பேசுங்கள். ஃப்ரீஸர் கல்லாக இருக்கும் ஃபிரிட்ஜைப் பார்த்து ஒருவர் 'கேஸ் போயிடுச்சு' என்று ஆரம்பித்தால் ஏற்காதீர்கள். கேஸ் போயிருந்தால் ஐஸ்கிரீம்தான் முதலில் உருகியிருக்கும்.

கேள்வி: கடலோர ஊர். ஃபிரிட்ஜுக்குள் எப்போதும் ஈரம். காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது, கொத்தமல்லி அழுகுகிறது.
(இல்லத்தரசி, தூத்துக்குடி)

பதில்: உங்கள் ஊர்க் காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஈரக்காற்று உள்ளே புகுந்து குளிர்ந்த சுவரில் துளித்துளியாகக் கோக்கிறது. திறப்பதைக் குறைத்தால் ஈரம் குறையும். ஆனால் கதவு மூடியிருக்கும்போதும் காற்று புகுந்தால்?

கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைச் சட்டத்துக்கும் ரப்பருக்கும் நடுவே வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுங்கள். பிடித்து இழுத்து வரவேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. நான்கு பக்கமும், முக்கியமாகக் கீல் பக்கமும் அடிப்பக்கமும் பாருங்கள். பாதி நேரம் ரப்பர் கெட்டிருக்காது. மடிப்புக்குள் பால் சிந்திக் காய்ந்து, கறுப்புப் பூசணம் பிடித்து, ரப்பர் சட்டத்தில் ஒட்டமுடியாமல் இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, விரலால் மடிப்பை விரித்துத் துடையுங்கள். நெளிந்திருந்தால் வெந்நீரில் பிழிந்த துணியால் ஒற்றி நிமிர்த்தி, ஒரு ராத்திரி கதவை மூடிவைத்தால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். முன்கால் திருகுகளைக் கொஞ்சம் உயர்த்தி, ஃபிரிட்ஜ் ஒரு நூலளவு பின்னால் சாய்ந்து நிற்கும்படி செய்தால் கதவு தானே போய் மூடிக்கொள்ளும்.

தட்டுக்கு அடியில் நிற்கும் தண்ணீருக்குக் காரணம் வேறு. உருகும் நீர் பின்சுவரில் உள்ள ஒரு சின்னத் துளை வழியாகக் குழாயில் இறங்கி, பின்னால் கம்ப்ரஸர் மேலுள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகவேண்டும். கறிவேப்பிலைக் காம்போ பாலித்தீன் துணுக்கோ அந்தத் துளையை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரை அதில் மெல்லச் செலுத்துங்கள். அடைப்பு போனதும் 'களக்' என்று பின்தட்டில் விழும் சத்தம் கேட்கும். டபுள் டோரில் இந்தத் துளை பின்பலகைக்குள் இருப்பதால் அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கொத்தமல்லியைக் கழுவிய ஈரத்தோடு வைக்காதீர்கள். வேரை நறுக்கி, காய்ந்த துணியிலோ காகிதத்திலோ சுற்றி வையுங்கள். ரசம், சாம்பாரைச் சூடு ஆறாமலும் மூடி போடாமலும் வைத்தால் அதிலிருந்து எழும் ஆவி முழுக்க உள்சுவரில்தான் போய் உட்காரும்.

கேள்வி: கதவை மூடினால் உள்ளே விளக்கு நிஜமாகவே அணைகிறதா?
(ஆறாம் வகுப்பு மாணவி, சேலம்)

பதில்: அருமையான கேள்வி, பெரியவர்களும் கேட்கவேண்டியது. அப்பாவின் போனில் வீடியோவைப் போட்டு உள்ளே வைத்து, கதவை அரை நிமிடம் மூடி எடுத்துப் பார். படம் இருட்டாக இருந்தால் சரி. வெளிச்சம் தெரிந்தால் கதவுப் பொத்தான் பழுது. பழைய குண்டு பல்பு என்றால் அது இரவும் பகலும் உள்ளே சின்ன அடுப்பாக எரிந்துகொண்டிருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிடு.

கேள்வி: இரண்டு வருடத்தில் மூன்று முறை கேஸ் ஏற்றியாயிற்று. ஏற்றினால் நான்கைந்து மாதம் குளிர்கிறது, பிறகு வெறும் அலமாரி. இந்த ஃபிரிட்ஜ் அவ்வளவு கேஸ் குடிக்குமா?
(மளிகைக் கடைக்காரர், விழுப்புரம்)

பதில்: ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. வண்டியில் பெட்ரோல் தீர்வதைப் போல ஃபிரிட்ஜ் கேஸ் தீராது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பதினைந்து வருடம் ஓடினாலும் குறையக் கூடாது. குறைந்தால் ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றியவர் உங்கள் காசை மூன்று தடவை காற்றில் விட்டிருக்கிறார். எனக்கு இதில் கோபமே வருகிறது.

அடுத்த முறை நான்கு கேள்வி கேளுங்கள். ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்தீர்களா? ஃபில்டர் மாற்றினீர்களா? வேக்குவம் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் எடுத்தீர்களா? கேஸை எடை பார்த்து ஏற்றுகிறீர்களா? நல்ல மெக்கானிக் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்ணுக்கு நேராகக் காட்டுவார். ஓட்டை வெளிக்குழாயில் என்றால் அடைத்துவிடலாம். சுவருக்குள் பஞ்சுக்கு நடுவே என்றால், பத்து வருடம் ஓடிய பெட்டிக்கு அந்தச் செலவு தகாது, புதியது வாங்குங்கள்.

என்ன கேஸ், எவ்வளவு எடை என்று கம்ப்ரஸர் பக்கம் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கும். ஒரு காலத்தில் ஆர்-12. ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாக விலகி, ஆர்-134ஏ வந்தது. இப்போது பெரும்பாலும் ஆர்-600ஏ. இது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் நெருங்கிய உறவு, தீப்பிடிக்கும். வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பது பெரும்பாலும் 100 கிராமுக்கும் குறைவு. அது ஆபத்தல்ல. கேஸ் குழாய்க்குள் இருக்கும்போதே பற்றவைப்பு விளக்கை நீட்டுவதுதான் ஆபத்து. மூடிய சமையலறையில் அந்த வேலையை அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: சிங்கிள் டோர் ஃப்ரீஸரில் மீன் பாக்கெட் பனியோடு ஒட்டிக்கொண்டால் கத்தியால் நெம்பித்தான் எடுக்கிறேன். வேறு வழி?
(மீன் பிரியர், நாகப்பட்டினம்)

பதில்: கத்தியை உடனே கீழே வையுங்கள். மேலே உள்ளவரின் முதல் ஓட்டை இப்படிக்கூட விழுந்திருக்கலாம். சிங்கிள் டோரில் அந்தப் பெட்டிச் சுவருக்குள்ளேயே கேஸ் ஓடுகிறது, அலுமினியத் தகடு மெல்லியது. பனி அரைவிரல் கனம் ஏறும்முன்பே, திருகின் நடுவிலுள்ள டிஃப்ராஸ்ட் பட்டனை ராத்திரி அழுத்திவிட்டுப் படுங்கள். அவசரம் என்றால் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்துக் கதவை மூடினால் கொஞ்ச நேரத்தில் மீன் தானாகக் கையோடு வரும்.

உங்கள் ஊருக்கு இன்னொரு வார்த்தை. 2018 கஜா புயலுக்குப் பிறகு டெல்டா மாவட்டங்களில் பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீஸரில் உறையவிடுங்கள். கரண்ட் போனதும் கதவைத் திறக்காதீர்கள். திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி நான்கு மணி நேரம் போலத் தாங்கும். அதற்குமேல் போனால் மீன், கறி, பால், சமைத்த பண்டங்களைக் கொட்டிவிடுங்கள். வாசனை பார்த்து முடிவெடுக்காதீர்கள், நோய் தரும் கிருமி வாசனை காட்டிக்கொண்டு வராது. மின்சாரம் வந்ததும் ஐந்து நிமிடம் பொறுத்து ஃபிரிட்ஜைப் போடுங்கள். உடனே போட்டால் கம்ப்ரஸர் திணறி 'டிக்… டிக்…' என்று அடித்துக்கொள்ளும். வோல்டேஜ் குறைந்த தெருக்களிலும் அதே சத்தம்தான் கேட்கும். அங்கே ஸ்டெபிலைசர் தேவை.

கேள்வி: இன்சுலினை ஃப்ரீஸர் பக்கத்தில் வைத்தால் அதிகக் குளிர் கிடைக்கும் அல்லவா?
(ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: வேண்டாம், ஐயா. இன்சுலினுக்கு வேண்டியது 2-லிருந்து 8 டிகிரி. ஒரு முறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் அதைப் போடக்கூடாது. குளிர் காற்றுத் துளைக்கும் ஃப்ரீஸருக்கும் தள்ளி, நடுத்தட்டில் டப்பாவுக்குள் வையுங்கள். அந்தத் தட்டிலேயே தெர்மாமீட்டரும் இருக்கட்டும். ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போனால் மருந்துக் கடையில் கேட்டு, அங்கேயே வைத்துக்கொடுக்கச் சொல்லலாம்.

கேள்வி: ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் சென்னையில் ஐஸ் கிடைத்ததா?
(வரலாற்று மாணவி, திருவல்லிக்கேணி)

பதில்: உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே கிடைத்தது. அமெரிக்கக் குளங்களில் வெட்டிய பனிக்கட்டியைப் பாஸ்டனிலிருந்து கப்பலேற்றிய ஃபிரெடெரிக் டியூடர், 1833-ல் கல்கத்தாவுக்கு முதல் சரக்கை அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842-ல் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. மாதக்கணக்கான கடல் பயணத்தில் கட்டி கரையாமல் காத்தது மரத்தூள்தான். இயந்திர ஐஸ் வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அந்தக் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம். வெளிச்சூடு உள்ளே வராமல் தடுத்தால் பாதி வேலை முடிந்தது என்று அந்தக் காலத்து வியாபாரிக்கே தெரிந்திருக்கிறது. கதவு ரப்பரை நான் இவ்வளவு சொல்வது அதனால்தான்.

கேள்வி: ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தாயிற்று. ஆனாலும் சமையலறையில் கொசு. எங்கிருந்து வருகிறது?
(குடும்பத் தலைவர், தாம்பரம்)

பதில்: ஃபிரிட்ஜின் பின்னாலிருந்து வரலாம். கம்ப்ரஸர் மேலுள்ள அந்தத் தட்டில் ஈர நாட்களில் தண்ணீர் வற்றாமல் நிற்கும். சுத்தமான, அசையாத, இருட்டான தண்ணீர் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க அதற்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும். வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் தொட்டிக்கு அடுத்து ஃபிரிட்ஜின் பின்பக்கத்தை எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். அவர்களை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள்.

கழற்றும் தட்டு என்றால் வாரம் ஒரு முறை கொட்டி, நாரால் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. கழற்ற முடியாதது என்றால் பழைய துணியால் ஒற்றி எடுத்துத் துடையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே எல்லா வாசகர்களும் ஃபிரிட்ஜை ஒரு முழம் முன்னால் இழுத்து அந்தத் தட்டைப் பார்த்துவிடுங்கள்.